ஓப்பன் ரீடைரக்ட்
'ரீடைரக்ட்' என்றால் வழிமாற்றம். பக்கம் இடம் மாறியிருந்தால் வெப் சர்வர் 301 அல்லது 302 என்ற எண்ணோடு புது முகவரியைச் சொல்லும். பிரௌசர் அங்கே போய்விடும். 'ஓப்பன்' சேர்ந்தால் குறை: போகுமிடத்தை வெளியார் எவரும் நிரப்பலாம், சர்வர் சரிபார்ப்பதில்லை. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2010 ஆபத்துப் பட்டியல் இதைச் 'சரிபார்க்கப்படாத வழிமாற்றம்' என்ற பொருளில் குறித்தது. அதுவே தெளிவான பெயர்.

அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளிலும் இக்குறை இருந்தது. தன் தளத்துக்குள்ளேயே திருப்புவதற்காக எழுதிய ரீரைட் (முகவரியை மாற்றியெழுதும்) விதியை, முகவரிக்குள் குறியீடாக்கி நுழைத்த ஒரு வரிமாற்றக் குறி ஏமாற்றிவிடும். பயனர் வேறெங்கோ போய் நிற்பார். 2019இல் 2.4.41 பதிப்பில் செய்த திருத்தம் பலிக்கவில்லை; அந்தப் பதிப்பு வரை இக்குறை நீடித்தது.

இக்குறை உள்ள தளத்தின் இணைப்பே போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோகலாம்; அதனால் இணைப்பின் தொடக்கத்தில் வங்கியின் பெயர் இருப்பது போதாது. கடவுச்சொல்லைத் தட்டும் முன், வந்து சேர்ந்த பக்கத்தின் முகவரியைப் படித்துவிடுங்கள்.