வீணை எஸ். பாலசந்தர்: பாடல் இல்லாத படம் எடுத்த இசைக்கலைஞர்

எஸ். பாலசந்தர் (ஜனவரி 18, 1927 – ஏப்ரல் 13, 1990) வீணைக் கலைஞர், திரைப்பட இயக்குநர், நடிகர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர். ‘அந்த நாள்’, ‘பொம்மை’, ‘நடு இரவில்’ ஆகிய படங்களை இயக்கியவர். ‘எதிர்நீச்சல்’, ‘அபூர்வ ராகங்கள்’ போன்ற படங்களை எடுத்த கே. பாலசந்தர் வேறு, இவர் வேறு. பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராக எண்ணிக்கொள்வோர் இன்றும் உண்டு. இவரைப் பிரித்துக் காட்டவே ‘வீணை’ என்ற சொல் பெயருக்கு முன்னால் நிலைத்துவிட்டது.

இளமைப் பருவம்

பாலசந்தர் சென்னையில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். கலைகளில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். மயிலாப்பூரில் இருந்த அவர்கள் இல்லத்துக்கு இசைக்கலைஞர்கள் வந்து போவது வழக்கம். அண்ணன் எஸ். ராஜம் பின்னாளில் கர்நாடக இசைப் பாடகராகவும் ஓவியராகவும் பெயர் பெற்றார்.

இக்குடும்பம் ஒன்றாகவே திரைக்கு வந்தது. மராட்டிய மண்ணின் புகழ்பெற்ற பிரபாத் நிறுவனம் 1934-ல் தமிழில் எடுத்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராஜம் இராமனாகவும், சகோதரி ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தை சுந்தரம் ஐயர் ஜனகராகவும் நடித்தனர். இராவணன் சபைக் காட்சியில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகப் பாலசந்தர் தோன்றினார். திரையும் இசையும் அவர் வாழ்வில் ஒரே நாளில் தொடங்கின என்று சொல்லலாம்.

கஞ்சிராவைத் தொடர்ந்து தபேலா, சிதார் முதலிய பல கருவிகளைத் தாமே பழகினார். பதின்ம வயதிலேயே சென்னை வானொலி நிலையத்தில் வாத்தியக் கலைஞராகப் பணியில் சேர்ந்தார். பின்னர் வீணையின் பக்கம் திரும்பினார். குருவிடம் முறையாகக் கற்காமல், கேள்வி ஞானத்தாலும் இடைவிடாத பயிற்சியாலும் அதைக் கைவசப்படுத்திக்கொண்டார். குரு பரம்பரையைச் சொல்லி அறிமுகமாகும் கர்நாடக இசை உலகில், தமக்கு வீணையில் குரு இல்லை என்பதை அவர் வெளிப்படையாகவே கூறிவந்தார்.

இருபத்தோரு வயது இயக்குநர்

1948-ல் வெளிவந்த ‘இது நிஜமா’ படத்தில் இரட்டை வேடத்தில் நடித்து, இசைப் பொறுப்பையும் ஏற்றார். அதே ஆண்டில் ‘என் கணவர்’ படத்தை இயக்கினார். அதில் நடிப்பும் இசையும் கூட அவருடையவையே. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. 1951-ல் ‘கைதி’ படத்தை இயக்கி நடித்தார். ‘ராணி’ (1952), ‘பெண்’ (1954) போன்ற படங்களில் பிறர் இயக்கத்தில் நடிகராகவும் தோன்றினார்.

அந்த நாள்

1952-ல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடைபெற்றது. அவ்விழாப் படங்கள் சென்னையிலும் திரையிடப்பட்டன. அவற்றுள் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ ஒன்று. ஒரே நிகழ்ச்சியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் அந்தக் கதைமுறை பாலசந்தரைக் கவர்ந்தது. அதன் தாக்கத்தில் உருவானதே ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்த ‘அந்த நாள்’ (1954). திரைக்கதையை ஜாவர் சீதாராமன் எழுதினார்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1943-ல், சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியது. அந்தச் சூழலில் கதை நடக்கிறது. ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என ஒவ்வொருவரையும் விசாரிக்கும்போது, கொலைக்கான ஒவ்வொரு காரணம் தெரியவருகிறது. கொல்லப்பட்டவர் நாட்டுக்குத் துரோகம் செய்தவர் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. ராஜனாக நடித்த சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே சுடப்பட்டு விழுகிறார். கதாநாயகனைத் தொடக்கத்திலேயே கொன்று, அவனையே குற்றவாளியாகவும் காட்டுவது அன்று பெரும் துணிச்சல்.

அதைவிடப் பெரிய துணிச்சல், படத்தில் ஒரு பாடல்கூட இல்லை என்பது. 1931-ல் தமிழில் பேசும்படம் தொடங்கியது முதல் பாடல் இல்லாத படமே கிடையாது. பாட்டுக்காகவே மக்கள் திரையரங்குக்குப் போன காலமும் இருந்தது. அந்த வழக்கத்தை முதலில் உடைத்தவர் இசையே தெரியாத ஒருவர் அல்லர். இசையில் ஊறிய ஒருவர். துப்பறியும் கதையின் நடுவே பாட்டு வந்தால் பார்வையாளரின் பதற்றம் அறுந்துபோகும். எங்கே வாசிக்க வேண்டும் என்பதைப் போலவே எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதும் வாத்தியக் கலைஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவைப் பாலசந்தர் திரையிலும் பயன்படுத்தினார்.

வெளியானபோது படம் பெரிய வசூலைத் தரவில்லை. பாடல் இல்லாததே குறையாகப் பேசப்பட்டது. ஆனால் 1954-ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழ்ப் படத்துக்கான தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. இன்று தமிழ்த் திரையின் சிறந்த படங்களைப் பட்டியலிடும் எவரும் அதைத் தவிர்ப்பதில்லை.

சொந்தத் தயாரிப்பு

மில் தொழிலாளர் வாழ்வைப் பேசிய ‘அவன் அமரன்’ (1958) படத்தைப் பிறர் தயாரிப்பில் இயக்கிய பிறகு, பாலசந்தர் எஸ்.பி. கிரியேஷன்ஸ் என்ற சொந்த நிறுவனத்தின் மூலம் படங்கள் எடுத்தார். பெரிய நிறுவனங்களின் நிபந்தனைகளிலிருந்து விடுபட அதுவே வழி. பெரிய நட்சத்திரங்கள் இல்லை, செலவு குறைவு, கதையே முதன்மை. தயாரிப்பு, இயக்கம், இசை மூன்றும் அவர் கையில் இருந்தன.

‘அவனா இவன்’ (1962) படத்தைத் தொடர்ந்து வந்தது ‘பொம்மை’ (1964). நேரம் குறித்த வெடிகுண்டு ஒரு பொம்மைக்குள் வைக்கப்படுகிறது. அந்தப் பொம்மை கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றுகிறது. எப்போது வெடிக்குமோ என்ற அச்சமே கதை. இப்படத்தில் பாடல்கள் உண்டு. கே.ஜே. யேசுதாசைத் தமிழ்த் திரைக்கு அறிமுகம் செய்த படம் இதுதான்.

அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவல் ஒன்றின் தாக்கத்தில் ‘நடு இரவில்’ படத்தை எடுத்தார். தனித்த மாளிகையில் கூடும் உறவினர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படும் கதை. படம் முடிந்தும் வாங்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. சில ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்து 1970-ல்தான் வெளிவந்தது. மக்கள் வரவேற்றார்கள். ஆயினும் அதன்பின் பாலசந்தர் படம் எடுக்கவில்லை. சொந்தப் பணத்தில் படம் எடுப்பவருக்கு, நல்ல படம் எடுப்பது பாதி வேலைதான். அதைத் திரையரங்குக்குக் கொண்டுசேர்ப்பது மீதிப் பாதி. அந்த இரண்டாம் பாதி அவருடைய கையில் இல்லை.

வீணை வழி

பாலசந்தரின் வீணை வாசிப்பின் சிறப்பு, ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பல சுரங்களை எழுப்புவது. இதனால் சுரங்கள் தனித்தனியே விழாமல், வாய்ப்பாட்டில் வருவது போல ஒன்றோடொன்று இழைந்து கமகம் முழுமையாக வெளிப்படும். நீண்ட ராக ஆலாபனையை அவர் பெரிதும் விரும்பினார். அமெரிக்க நிறுவனங்களும் அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்டன. 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்துப் பதிவு செய்தது அவருடைய பெரும்பணி.

சர்ச்சைகள்

மனதில் பட்டதை மறைக்காமல் சொல்லும் இயல்பினர். புதிய ராகங்களை உருவாக்கியதாகக் கூறியதற்காக எம். பாலமுரளிகிருஷ்ணாவுடன் மோதினார். சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் அவருடையவை அல்ல என்று 1980-களில் வாதிட்டார். அறிஞர் பலர் அதை மறுத்தனர். இவ்வாதங்களில் எல்லாம் அவர் பக்கமே நியாயம் என்று கூற முடியாது. அவை அவருக்கு எதிரிகளைத் தேடித் தந்தன. 1982-ல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. ஆனால் சென்னை மியூசிக் அகாதமியின் ‘சங்கீத கலாநிதி’ விருது அவருக்குக் கிடைக்கவில்லை.

மறைவு

கச்சேரிக்காகப் பிலாய் சென்றிருந்தபோது, 1990 ஏப்ரல் 13 அன்று காலமானார். 36 ஆண்டுகளுக்கு முன், 1954-ல், இதே ஏப்ரல் 13 அன்றுதான் ‘அந்த நாள்’ வெளியானது.

மதிப்பீடு

பாலசந்தர் இயக்கிய படங்கள் எண்ணிக்கையில் குறைவு. வசூலில் முதலிடம் பிடித்தவை அல்ல. எனினும், பாட்டும் நட்சத்திரமும் இல்லாமல் கதையை நம்பியே தமிழ்ப்படம் நிற்கும் என்று முதலில் காட்டியவை அவை. பாடல் இல்லாமல் வரும் இன்றைய தமிழ்ப் படங்களுக்கு அவரே முன்னோடி. வீணையில் குரு இல்லாமல் தொடங்கியவர், திரையிலும் தமக்கென ஒரு வழியைத் தாமே வகுத்துக்கொண்டார். அந்த வழியில் நடக்கத் தமிழ்த் திரையுலகுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.