கிட், சப்வெர்ஷன், மெர்குரியல்... உங்க சாஃப்ட்வேர் டீமுக்கு எது செட் ஆகும்?

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரத்தில், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே பேசும் லினக்ஸ் பயனர் குழுவும் இயங்குகிறது. புதிதாக டீம் தொடங்குவோருக்கு முதலில் வரும் சந்தேகம்: கோடிங்கை எதில் சேமிப்பது?

வெர்ஷன் கன்ட்ரோல்னா என்ன?
யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் எனப் பதிந்து வைக்கும் கருவி. ஏதாவது சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

எதைத் தேர்வு செய்யலாம்?
* கிட்: 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருப்பதால், நெட் இல்லாவிட்டாலும் வேலை ஓடும். பெரும்பாலான டீம்களுக்கு இதுவே போதும்.
* சப்வெர்ஷன்: 2000-ல் தொடங்கப்பட்டது. வரலாறு மைய சர்வரில் இருக்கும். புடவை டிசைன் படம் போன்ற ஃபைலை 'லாக்' செய்து, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் திருத்தலாம்.
* மெர்குரியல்: இதுவும் 2005-ல் வந்ததே. ஆனால் பிட்பக்கெட் தளம் 2020-ல் ஆதரவை நிறுத்திவிட்டது.

இலவசமா இருந்தா போதுமா?
போதாது. லினக்ஸ் கர்னல் டீம் பயன்படுத்திய பிட்கீப்பர் இலவசமாகத்தான் கிடைத்தது. அப்போது அது ஓப்பன் சோர்ஸ் அல்ல. 2005-ல் இலவச உரிமம் பறிபோனதால்தான் கிட் பிறந்தது.

கிட்டும் கிட்ஹப்பும் ஒன்றா?
இல்லை. கிட்ஹப், 2018 முதல் மைக்ரோசாஃப்ட் வசம் உள்ள சேவை. சொந்த சர்வர் வேண்டுமென்றால் கிட்லேபின் ஓப்பன் சோர்ஸ் பதிப்பை நிறுவலாம்.

கவனிங்க: பாஸ்வேர்டை கோடிங்கோடு சேர்த்துப் பதியாதீர்கள். பிறகு அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும்!