சாளுவன்குப்பம்: கல்லெழுத்துக் காத்த கோயில்

தொண்டைநாட்டுக் கடற்கரையைக் காணச் செல்வோர் பெரும்பாலும் மாமல்லபுரத்தை நினைந்தே செல்வர். அதற்கு வடக்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் அளவில் உள்ள சாளுவன்குப்பம் என்னும் சிற்றூரை வழியிடை ஊராகக் கருதிக் கடந்து போவாரே மிகப் பலர். ஆயினும், பல்லவ வேந்தன் சிவபிரானுக்குக் குடைவித்த குகைக்கோயிலும், மணலுள் மறைந்து பல நூற்றாண்டு கிடந்து 2005-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட முருகன் கோயிலும் ஒருங்கே உடையது அவ்வூர். கட்டடம் வீழ்ந்து, வழிபாடு நின்று, ஊரார் நினைவும் மாறிய பின்னர் ஒரு கோயிலைக் காத்து நிற்பது யாது என்னும் வினாவிற்கு அவ்வூர் தக்கதொரு விடை தருகின்றது.

தாம்பரத்தினின்று புறப்படுவோர் வண்டலூர் சென்று, அங்கு நின்றும் கிழக்கே திரும்பிக் கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தை அடைவர். கேளம்பாக்கத்தை அடுத்து உப்பளங்களும் கழிநிலமும் காணப்படும். கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் செல்லின், திருமால் திருப்பதியாகிய திருவிடந்தையும், பட்டிபுலமும் கடந்து சாளுவன்குப்பம் எய்தலாம். வழி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஆகும். ஒருபால் கடலும், ஒருபால் சவுக்குத் தோப்பும், இடையிடையே மணலினின்று எழுந்த பெரும்பாறைகளும் விளங்கும் இடம் அது. 1485 முதல் 1491 வரை விசயநகரத்து அரசாண்ட சாளுவ நரசிம்மன் பெயரால் இவ்வூர்ப் பெயர் அமைந்தது என்பர். அதன் பழம்பெயர் திருவிழிச்சில் என்பது கல்வெட்டுகளால் அறியப்படும்.

வருவோர் கண்ணை முதற்கண் கவர்வது புலிக்குகை எனப்படும் பாறை. பெயர் குகையாயினும் அது குகையன்று, புலியும் அங்கில்லை. பெரும்பாறை ஒன்றின் முகப்பிற் சிறு மண்டபம் குடைந்து, அதன் வாயிலைச் சூழ யாளித்தலைகள் பதினொன்றைப் பல்லவச் சிற்பிகள் செதுக்கியுள்ளனர். அயலே யானை உருவங்களும், அவற்றின்மீது சிறு மாடங்களும் உள. விழாக்காலத்தில் திருவுருவத்தை எழுந்தருளச் செய்தற்கு இம்மண்டபம் அமைந்திருத்தல் கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர்.

அதற்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ளது அதிரணசண்டேசுவரம். அதிரணசண்டன் என்பது, கி.பி. 700-ஐ ஒட்டி அரியணை ஏறிய இராசசிங்க பல்லவனுடைய விருதுப்பெயர்களுள் ஒன்று. ஆதலின் இக்கோயில் அவனது திருப்பணி என்பது பலர் துணிபு. வேறு பல்லவ மன்னர்க்கு உரியதாகக் கூறுவாரும் உளர். கருவறையின் பின்சுவரில் உமையம்மையோடும் கந்தனோடும் இறைவன் வீற்றிருக்கும் சோமாஸ்கந்தத் திருவுருவம் விளங்குகின்றது. எதிரேயுள்ள பாறையொன்றில் மகிடாசுரனோடு தேவி பொருத போர் சிறிய அளவிற் செதுக்கப்பட்டுள்ளது.

இக்கோயிற் சாசனம் பெரிதும் நோக்கத்தக்கது. தென்சுவரிற் பல்லவ கிரந்த எழுத்திலும், வடசுவரில் நாகரி எழுத்திலும் ஒரே வடமொழிப் பாடல்களை மன்னன் பொறித்தான். தென்னாட்டார்க்கு ஓரெழுத்தும் வடநாட்டார்க்கு ஓரெழுத்தும் அமைய, இருசாராரும் படித்துணர வேண்டும் என்பது அவன் கருத்துப் போலும். மலைமகளோடும் குகனோடும் பசுபதி இங்கு என்றும் உறைக என்பது அச்சாசனம் வேண்டும் வேண்டுகோள். கருவறைச் சுவரிற் சிற்பி உளியாற் காட்டிய அதே திருக்கோலத்தைப் புலவன் சொல்லாற் காட்டினான் என்க.

குகன் அத்தனோடும் அன்னையோடும் உடனிருக்கும் அவ்வூரிலேயே, அவனுக்குத் தனிக்கோயில் ஒன்றும் இருந்தது. அதனைக் கண்டவர் எவரும் பல தலைமுறையாக இலர். 2004-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் சுமத்திராத் தீவினருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையையும் தாக்கிற்று. அலை வடிந்த பின்னர், இவ்வூரருகே பாறையொன்றில் மணல் நீங்கி எழுத்துகள் வெளிப்பட்டன. அவற்றைப் படித்த இந்தியத் தொல்லியல் துறையினர், திருவிழிச்சிலில் இருந்த சுப்பிரமணியர் கோயில் ஒன்றை அவை குறித்தல் கண்டனர். அத்தகைய கோயில் அப்பக்கத்தில் யாண்டும் காணப்படவில்லை. பின்னர் அணித்தே இருந்த மணல்மேட்டை ஐயுற்று 2005-இல் அகழ்ந்தனர், கோயில் வெளிப்பட்டது.

மேலே இருந்தது பல்லவர் காலத்துக் கற்கோயிலின் அடித்தளம். அதன் கீழே அதனினும் பழையதாய்ச் செங்கற்கோயில் ஒன்று இருந்தது. அதன் கருவறை 27 வரிசைச் செங்கல்லால் எழுப்பப்பட்டது. கோயில் வடக்கு நோக்கியது. கல்லாற் செய்த வேல் ஒன்றும், மகளிர் கைகோத்து ஆடும் குரவைக்கூத்தைக் காட்டும் சுடுமண் பலகையும் கிடைத்தன. செங்கல்லின் அளவு முதலியவற்றைக் கொண்டு அது சங்க காலத்தது என அகழ்ந்தோர் கருதினர்; அவர்கள் கூறும் வயது 1,700 ஆண்டு முதல் 2,200 ஆண்டு வரை விரிகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே ஐந்நூறு ஆண்டு உண்டாதலின், பெரிய எண்ணையே முடிந்த முடிபாகக் கொண்டு முழங்குதல் அறிவுடையார்க்கு அழகன்று. பல்லவர்க்கு முன்னரே இங்கு ஒரு செங்கற்றளி இருந்தது என்பதே முருகன் வழிபாட்டின் தொன்மைக்குப் போதிய சான்றாம்.

சேயோனைத் தொல்காப்பியம் குறிஞ்சித் தெய்வமாக வகுத்திருக்க, நெய்தல் நிலத்து மணலில் அவனுக்குக் கோயில் எங்ஙனம் அமைந்தது என்று சிலர் ஐயுறலாம். திருமுருகாற்றுப்படை கூறும் படைவீடுகளுள் அலைவாயாகிய திருச்செந்தூர் கடற்கரையதே. வடபாற் கரையிலும் அவனுக்குப் பழங்கோயில் இருந்தமையைச் சாளுவன்குப்பம் காட்டுகின்றது. உள்நாட்டில் அணித்தே உள்ள திருப்போரூரை நோக்கின், இப்பகுதியில் முருகன் வழிபாடு வேரூன்றி நின்றமை விளங்கும்.

செங்கற்றளியைக் கடற்பெருக்கோ புயலோ அழித்தது என்பர். கற்றளியில் கிடைத்த கல்வெட்டுகளுட் பிந்தியது 1215-ஆம் ஆண்டினது. ஆதலின் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் மற்றொரு கடற்கோள் அதனை வீழ்த்தியிருக்கலாம் என்று உய்த்துணர்வர். முன்பு மறைத்ததும் கடல், பின்பு காட்டியதும் கடல் என்று வியப்பார் உளர். ஆயின் ஆயிரக்கணக்கான மக்களின் உயிர்கொண்ட அலையை அருட்செயலென்று கொண்டாடுதல் உயிர்க்கிரங்கும் சைவர்க்கு அடாது. அலை மணலையே நீக்கிற்று. கோயிலைக் காட்டியது எழுத்து. எழுத்தின்றேல் அம்மேடு இன்றும் மணல்மேடாகவே கிடந்திருக்கும்.

அவ்வெழுத்துகள் யாருடையன? இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன், முதலாம் இராசராசன் முதலிய வேந்தர் பெயர்கள் அவற்றுட் காணப்படுகின்றன. எனினும் அங்குள்ள தூண்களுள் ஒன்று, 813-ஆம் ஆண்டளவில் வசந்தனார் என்னும் அந்தணப் பெண் விளக்கெரித்தற்கு வைத்த அறத்தைக் கூறுகின்றது. மற்றொன்று, 858-ஆம் ஆண்டளவில் இவ்வூரார் ஒருவர் அளித்த பத்துக் கழஞ்சு பொன்னைக் கூறுகின்றது. பேரரசுகள் பல தோன்றி மறைந்தன. அவ்வம்மையார் ஏற்றிய சுடரும் அவிந்தது. அவர் செய்த அறத்தின் சொல்லோ கல்லில் நின்று, ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்தும் படிப்பார்க்குப் பொருள் தருகின்றது.

இஃதறிந்தும், நாட்டிற் பல ஊர்களில் திருப்பணி என்னும் பெயரால் கல்வெட்டுகளின்மேற் சுண்ணம் பூசுதலும், மணல் வீச்சால் எழுத்தைத் தேய்த்தலும், பழங்கற்களைப் பெயர்த்துப் படியாக இடுதலும் நிகழ்ந்துள்ளன. கல்லை மெருகிடுவோர் தம்முன்னோர் அறத்தைத் தேய்க்கின்றார் என்பதை உணரார். திருப்பணி செய்வோர் முதற்கண் தம்மூர்க் கோயிற் கல்வெட்டுகளைப் படிப்பித்துப் படியெடுத்து வைத்து, அதன் பின்னரே உளி எடுத்தல் வேண்டும். சாளுவன்குப்பத்திற்குச் செல்வோரும் கடற்காற்றும் மணற்பரப்பும் நுகர்ந்து மீளுதலோடு அமையாது, அவ்வெழுத்துகளின்முன் சிறுபொழுது நிற்பாராக.