பிளாக்வெல் குடிவழியும் பதிவேடுகளும்

இங்கிலாந்தினின்றும் அமெரிக்கா சென்று குடியேறியோரின் குடிவழியை ஆராயப் புகுவோர், அரசினர் பதிவேடுகளையே முதற்கண் நாடுவர். அவ்வேடுகள் யாரைக் காட்டுகின்றன, யாரை மறைக்கின்றன என்பதை அறிதற்குப் பிரிஸ்டல் நகரத்துப் பிளாக்வெல் குடும்பம் தக்கதொரு சான்றாகும். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாகிய எலிசபெத் பிளாக்வெல் தோன்றிய குடும்பம் அது.

எலிசபெத் 1821 பிப்ரவரி 3-ஆம் நாள் பிறந்தார். இங்கிலாந்தில் பிறப்பு இறப்புகளை அரசே பதியத் தொடங்கியது 1837 ஜூலைத் திங்களில். குடும்பம் கடல் கடந்ததோ 1832-இல். ஆதலின் அரசினர் பிறப்புப் பதிவு ஈண்டுப் பயன்படாது. 1538 முதல் எழுதப்பெற்று வந்த பங்குக் கோயிற் பதிவேடுகள் உளவே எனின், இவர்கள் அரசுத் திருச்சபையைச் சாராத தனிச்சபையார். அத்தகையோர் தம் சபைகளிலேயே தனி ஏடுகள் வைத்திருந்தனர். அவற்றுட் பல 1840-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் ஒப்படைக்கப்பெற்று, இன்று கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. திருமணமோ வேறு. 1754 முதல் 1837 வரை, குவேக்கரும் யூதரும் ஒழிந்த அனைவரும் அரசுத் திருச்சபைக் கோயிலிலேயே மணம் புரிதல் வேண்டும் என்பது சட்டம். எனவே பெற்றோர் மணம் ஓர் ஏட்டிலும் மக்கள் பிறப்பு மற்றோர் ஏட்டிலுமாகப் பிரிந்து கிடத்தல் இயல்பு. இதனை அறியாதார் பாதி வழியிலேயே திரும்பிவிடுவர்.

தந்தை சாமுவேல் சர்க்கரையைத் தூய்மைப்படுத்தும் ஆலை உடையவர், அடிமைமுறையை வெறுத்தவர். அடிமைகளின் உழைப்பால் விளைந்த பொருளே அவர்தம் தொழிற்கு மூலம் என்பது எண்ணத்தக்கது. அமெரிக்கா அடைந்தபின் பிறந்த மகனுக்கு ஜார்ஜ் வாஷிங்டன் எனப் பெயரிட்டனர். புதுநாட்டின்பால் அவர்கள் கொண்ட பற்றிற்கு வேறு ஆவணமும் வேண்டுமோ? 1838-இல் சின்சினாட்டி நகர்க்குக் குடிபெயர்ந்த சில மாதங்களில் சாமுவேல் இறந்தார்.

அமெரிக்கக் குடிமதிப்பு ஏடுகளில் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. ஏனையோர் வயதுக் கட்டங்களில் வெறும் எண்களாக நிற்பர். பத்தொன்பது வயது எலிசபெத்தும் அவ்வேட்டு முறையில் ஓர் எண்ணே. 1850-இல் உரிமையுடையோர் அனைவர் பெயரும் எழுதப்பெற்றன. அடிமைகளோ அப்பொழுதும் உடையவர் பெயரின்கீழ் எண்களாகவே குறிக்கப்பெற்றனர்.

மணத்தின்பின் பெயர் மாறுதலால் பெண்வழியைத் தொடர்தல் அரிது என்பது குடிவழி ஆராய்வோர் யாவரும் கூறும் குறை. ஈண்டு அக்குறை இல்லை. பிளாக்வெல் உடன்பிறந்தாள் ஐவருள் ஒருவரும் மணம் செய்துகொண்டிலர். 1849-இல் எலிசபெத்தும் 1854-இல் எமிலியும் மருத்துவப் பட்டம் பெற்றதும் தந்தைவழிப் பெயராலேயே. தம்பி என்றியை 1855-இல் மணந்த லூசி ஸ்டோனும் தம் பெயரை விடாது வைத்துக்கொண்டார்.

ஆயினும் குருதிவழி ஒன்றையே கொண்டு கொடிவழிப் பட்டியல் வரைவார்க்கு இக்குடும்பம் அடங்காது. எலிசபெத் அயர்லாந்து வழியினளாகிய கிட்டி பாரி என்னும் ஆதரவற்ற சிறுமியை எடுத்து வளர்த்தார். 1869-இல் அவர் இங்கிலாந்துக்கே மீண்டபின், அவருடைய பிற்காலம் முழுதும் உடனிருந்தவர் அவ்வளர்ப்பு மகளே. எலிசபெத் 1910-இல் ஏஸ்டிங்சில் மறைந்து, ஸ்காத்லாந்தின் கில்மன் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பெற்றார். 1936-இல் இறக்குங்கால் கிட்டி வேண்டியது, தம் சாம்பலும் அவருடனேயே சேர்க்கப்பெற வேண்டும் என்பதே.