கோச் (கைகழுவத் துணைபுரியும் கணினி அமைப்பு)

மறதிநோய் உள்ள முதியோர் பிறர் உதவியின்றிக் கை கழுவ வழிகாட்டும் கணினி அமைப்பு. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் மிஹைலிடிஸ் குழுவினர் உருவாக்கியது.

கை கழுவுதல் நமக்கு ஒரே வேலை; மறதிநோயாளிக்கோ குழாயைத் திறப்பது, சோப்புப் போடுவது, அலசுவது, குழாயை மூடுவது, துடைப்பது என ஐந்து வேலை. கழுவுதொட்டிக்கு மேலுள்ள கேமரா கைகளையும் துண்டையும் கவனிக்கிறது. வேலை தானாக நடந்தால் கருவி வாய் திறப்பதில்லை. குழாயைத் திறக்குமுன் சோப்பை எடுத்தாலும் குறுக்கிடாது. தடுமாறினால் மட்டும் குரல் வழிகாட்டல், தேவைப்பட்டால் செய்துகாட்டும் காணொளி. அதுவும் பலிக்காவிட்டால் பராமரிப்பாளரை அழைக்கும். தொடக்க வடிவத்தில் மணிக்கட்டில் கட்டவேண்டியிருந்த வளையம் பின்னர் கைவிடப்பட்டது. அணியவோ அழுத்தவோ எதுவும் இல்லாததே இதன் பெரிய சிறப்பு. மறப்பவரிடம் புதுக் கருவியைப் பழகச் சொல்வதில் பொருளில்லை.

2008இல் வெளியான ஆய்வில் பங்கேற்றோர் ஆறு பேரே. மிதமான பாதிப்புள்ளவர்கள் தாமாகவே முடித்த படிகள் சராசரியாக 11 விழுக்காடு கூடின. பராமரிப்பாளரின் தலையீடு 60 விழுக்காடு குறைந்தது. குளியலறையில் கேமரா வைப்பதிலுள்ள தனியுரிமைச் சங்கடம் தனி விவாதத்துக்குரியது.