முட்டைக்குத் தனிப்பெயர் எதற்கு?

1923இல் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில், பயன்சாக் செம்பாறைச் சரிவுகளில், ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையில் சென்ற அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் குழு நீள்வடிவ முட்டைகள் சிலவற்றைக் கண்டெடுத்தது. அந்தப் பாறைகளில் புரோட்டோசெரடாப்ஸ் என்ற டைனோசரின் எலும்புகள் ஏராளமாகக் கிடந்ததால், முட்டைகளும் அதனுடையவையே என்று முடிவுகட்டினார்கள். முட்டைகளுக்கு மேலே கிடந்த இன்னொரு விலங்கின் எலும்புக்கூடு, திருட வந்த இடத்தில் செத்ததாகக் கருதப்பட்டது. 1924இல் தொல்லுயிரியலாளர் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பார்ன் அதற்கு ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடன், என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயர் தவறான எண்ணம் தரக்கூடும் என்று அவரே எச்சரித்தும் பழி நிலைத்துவிட்டது. 1993இல் கோபியின் உகா தோல்கோத் பகுதியில், அதே வகை முட்டை ஒன்றுக்குள் ஓவிராப்டர் குடும்பத்துக் கரு கிடைத்த பிறகே, செத்துக் கிடந்தது திருடன் அல்ல, பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பது புலப்பட்டது.

எழுபது ஆண்டு நீடித்த இந்தத் தவறுக்குக் காரணம், பக்கத்தில் கிடந்த எலும்பை வைத்து முட்டைக்கு உரிமை கொடுத்ததுதான். சீன ஆய்வாளர் ஜாவோ ஜிகுய் 1970களில் முன்வைத்த முறை இந்தப் பழக்கத்தின் வேரையே அறுத்தது. இட்டது எது என்ற கேள்வியைத் தள்ளிவைத்து, முட்டைக்கென்றே பேரினமும் சிற்றினமும் வகுத்தார் அவர். அப்பேரினப் பெயர்கள் ஊலித்தஸ் என முடியும். வடிவமும் அளவும் தொடக்கம்தான். ஓட்டுத் துண்டை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் வகை பிடிபடும். கோபியின் அந்த நீள்வடிவ முட்டைகள் அடங்கும் எலாங்கட்டூலித்தஸ் குடும்பத்தில் கீழே கூம்புகளின் அடுக்கு, அதற்கு மேல் தொடர்ச்சியாகப் படர்ந்த இன்னோர் அடுக்கு, வெளிப்புறத்தில் நீளவாக்கில் ஓடும் வரிமேடுகள். குஜராத்திலும் நர்மதைப் பள்ளத்தாக்கிலும் கிடைக்கும் உருண்டையான மெகலூலித்தஸில், விசிறிபோல் விரியும் கால்சைட் அலகுகள் தனித்தனியாகத் தெரியும். மேற்பரப்பெங்கும் சிறு முண்டுகள். ஓட்டில் துளைகள் மிகுந்திருந்தால், மண்ணில் புதைத்து அடைகாக்கப்பட்ட முட்டை என்றுகூட ஊகிக்கலாம்.

ஒரே விலங்குக்கு எலும்பின்பேரில் ஒரு பெயர், முட்டையின்பேரில் மற்றொன்று என்பது வீண் குழப்பம் என்கிறார்கள் சிலர். கருவோடு கிடைக்கும் முட்டை அபூர்வம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அர்ஜென்டினாவின் அவுகா மஹுவேவோவில் மெகலூலித்தஸ் வகை முட்டைகளுக்குள் டைட்டனோசர் என்ற டைனோசர் வகையின் கருக்கள் இருந்ததாக 1998இல் அறிவிக்கப்பட்டது. அதைக் கொண்டு இந்திய முட்டைகளை இட்டது எந்த டைட்டனோசர் என்று சொல்லிவிட முடியுமா? இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு உண்டு: நோயாலும் மண்ணரிப்பாலும் ஓட்டின் தோற்றம் மாறும், ஆகவே சிற்றினங்கள் காகிதத்தில் பெருகும். இது உண்மையான அபாயம். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் ஆறு முட்டைச் சிற்றினங்களாகப் பிரித்து 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆறு பெயர் என்றால் ஆறு விலங்கு என்று அவசரப்பட்டுக் கணக்கிடக் கூடாது. ஆனால் இதற்கு மருந்து, பல முட்டைகளிலிருந்து பல சீவல் எடுத்து ஒப்பிடுவதே, முறையையே கைவிடுவதல்ல. முறையின் பயனுக்குக் கோபி முட்டைகளே சான்று. புரோட்டோசெரடாப்ஸ் இட்டவை தோல்போன்ற மென்மையான முட்டைகள் என்று 2020இல் மார்க் நோரெலும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். கோபியின் கெட்டியோட்டு முட்டைகளுக்குச் சொந்தம் கொண்டாடிய விலங்கு மாறிவிட்டது. எலாங்கட்டூலித்தஸ் குடும்பத்தில் அவற்றுக்குரிய இடம் மாறவில்லை.