ஊசியைத் தாங்கும் கை

புலம்பெயர்ந்தோர் பெட்டிகளில், உடுப்புகளுக்கிடையே இசைத்தட்டுகளும் கடல் கடந்தன. பென்ரோஸில் வாழும் நாம் அவற்றை மீண்டும் சுழலவிடுமுன், ஊசியைத் தாங்கும் கையின் வரலாற்றை அறிதல் நன்று.

பழைய கிராமபோனின் கை நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தை உருக்கு ஊசியின்மீது சுமத்தியது. அரக்குத் தட்டு அதைத் தாங்கிற்று. ஊசியே விரைவில் தேய்ந்தது. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைல் நெடுந்தட்டை வெளியிட்டபோது நிலைமை மாறியது. அதன் நுண்ணிய பள்ளங்களுக்குப் பாரம் குறைந்த கை வேண்டியிருந்தது.

1959இல் இங்கிலாந்தின் எஸ்.எம்.ஈ. நிறுவனம் 3009, 3012 ஆகிய கைகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. முன்னது 9 அங்குல வகை; பின்னது 12 அங்குல வகை. நீண்ட கையில் ஊசியின் கோணப் பிழை குறைவு. ஆயின் அசையும் திணிவு அதிகம். எனவே நெளிந்த தட்டில் அது தடுமாறக்கூடும். 1983இல் ரேகா நிறுவனத்தின் ஆர்.பி.300, கைக்குழாயையும் தலையையும் ஒரே அலுமினிய வார்ப்பாக்கி, உறுதியைக் குறைந்த விலைக்கு அளித்தது.

எனினும் விலை மட்டும் தட்டைக் காப்பதில்லை. இன்றைய ஊசிகள் பலவற்றுக்கு ஏறத்தாழ 2 கிராம் பாரம் போதும். கூடினால் பள்ளம் தேயும். மிகக் குறைந்தால் ஊசி துள்ளிச் சுவரைச் சிதைக்கும். இதனை அறியாது நாமே ஒரு தட்டைக் கெடுத்தோம். அதன் மறுபிரதி எமக்கு எங்கும் கிடைக்கவில்லை.

ஊரில் விட்டுவந்தவை பல. கொண்டுவந்த குரல்களையேனும் பிள்ளைகளிடம் பழுதின்றி ஒப்படைப்போம்.